முகவரி கேட்காத பெட்டி

அலுவலகத்தில் என் அண்ணியை முகத்துக்கு நேராக 'மேடம்' என்பார்கள். அவர் தலை மறைந்ததும் பெயர் 'சந்தேகம்' ஆகிவிடும். சந்தேகம் வருது, சிரிப்பை நிறுத்து. சந்தேகம் டீ குடிக்கப் போயிருக்கு, சீக்கிரம் பேசி முடி. அண்ணிக்கு இது தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. யார் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அவர் பார்த்த வேலையும் அப்படிப்பட்டதுதான். தொலைபேசிக் கம்பெனிகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று கண்காணிக்க அரசு ஓர் ஆணையம் வைத்திருக்கிறது. அதன் நாலாவது மாடியில் சோதனைப் பிரிவு. ஜன்னல் திறக்காத அறை, நீள மேசை, மேசைமேல் ஒவ்வொரு கம்பெனியின் இணைப்புக்கும் ஒரு தொலைபேசி. காலையில் போய் உட்கார்ந்தால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மணி போகிறதா, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா, பேச்சு நடுவில் அறுகிறதா என்று பார்க்க வேண்டும். புகார் எண்ணைக் கூப்பிட்டு, பொதுமக்களில் ஒருத்தியாக அழவும் வேண்டும். அண்ணி பிரமாதமாக அழுவார். "எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலைங்க, வீட்ல தனியா இருக்காருங்க, லைன் செத்துக் கெடக்குதுங்க" என்று குரலை இறக்கினால் எதிர்முனையில் இருப்பவர் கரைந்துபோய், அன்று மாலைக்குள் ஆள் அனுப்புவதாகச் சத்தியம் செய்வார். அண்ணி நன்றி சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு, "புளுகுறான்" என்று மதிப்பெண் போடுவார்.

அந்த அழுகையில் பாதி நிஜம். என் அண்ணனுக்கு இதயம் பலவீனம்.

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின்மேல் காலை வைத்திருப்பார். "ஊர்ல இருக்கிற அத்தனை பேர் தப்புக்கும் நான் பிரேக் போட்டேன். எனக்குப் போட யாரும் இல்ல" என்பது முதல் மாரடைப்புக்குப் பிறகு அவர் எல்லாரிடமும் சொன்ன நகைச்சுவை. டாக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார். அதிலிருந்து பகல் முழுக்க வீட்டில் தனி ஆள். அண்ணி தன் சோதனை அழைப்புகளுக்கு நடுவே வீட்டுக்கு ஓர் அழைப்பைச் செருகுவார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். நான் பாஸா, ஃபெயிலா?"

"மூச்சு வாங்குற மாதிரி கேக்குதே. ஏதாவது தூக்கினீங்களா?"

"போனை எடுக்க ஓடி வந்தேன்மா. நீ கூப்பிடாம இருந்தா நான் மூச்சு வாங்காம இருப்பேன்."

வைத்த பிறகும் அண்ணி அந்த மூச்சைக் காதுக்குள் கொஞ்சநேரம் வைத்துப் புரட்டிப் பார்ப்பார்.

வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடி. கீழே சலவைக்கடை. கதவுக்கு ஒரு பூட்டும் மேலும் கீழுமாகத் தாழ்ப்பாள்களும். "அவசரத்துக்கு ஒரு சாவிய என்கிட்ட குடுத்து வைங்கம்மா, சார் தனியா இருக்காரே" என்று சலவைக்கடைக்காரர் பலமுறை கேட்டார். அண்ணி கொடுக்கவில்லை. "நம்ம சாவிமேல அவருக்கு என்ன அவ்வளவு அக்கறை?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவருக்குக் கடைக்காரரோடு சதுரங்கம் ஆட மட்டும் தெரியும்.

அண்ணி நம்பிய ஒரே பொருள் கூடத்தில் இருந்த பழைய கம்பி லைன். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கம்பி தெருமுனைப் பெட்டியிலிருந்து கிளம்பி நேராக அந்த வீட்டுச் சுவருக்குத்தான் வருகிறது, வேறெங்கும் போக முடியாது. அதில் அவசர எண்ணை அமுக்கினால், நாம் வாயே திறக்காவிட்டாலும், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரையில் வீட்டு முகவரி வந்து நிற்கும். மின்சாரம் போனாலும் லைன் போகாது; தன் மின்சாரத்தைத் தானே சுமந்து வரும். இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் கருணையால் செய்யவில்லை. சட்டம் கழுத்தைப் பிடித்துச் செய்ய வைத்தது. அந்தக் கழுத்துகளை எண்ணிப் பார்ப்பதுதான் தன் பிழைப்பு என்பார் அண்ணி.

அந்த வருஷம் தெருவைத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் கம்பியை அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். லைன் செத்தது. பழைய கம்பெனி, இதோ வருகிறோம், அதோ வருகிறோம் என்று இழுத்தடித்தது. வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்பது அண்ணியின் கணிப்பு: கம்பியைப் பராமரிப்பது செலவு, வெறுத்துப்போய் நாமாகவே வேண்டாம் என்று சொல்லும்வரை காத்திருக்கிறார்கள்.

"நீ அந்த ஆபீஸ்லயே இருக்க. ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே வந்து ஒட்டிட்டுப் போவான்" என்றார் அண்ணன்.

"அதான் சொல்லல. நாளைக்கு என் வீட்டுக் கம்பிய ஒட்டுவான். அதுக்கடுத்த நாள் என் வாயை ஒட்டுவான்."

"அப்ப எனக்கு ஏதாவது ஆச்சுன்னா புறா விடட்டுமா?"

செல்போன் இருந்தது. ஆனால் சிக்னல் ஜன்னலோரம்தான். கூடத்துக்குள் வந்தால் அது வெறும் கடிகாரம்.

இந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு, முகத்தில் ஒரு பச்சை விளக்கு. ஒரு பக்கம் இன்டர்நெட் வயரைச் செருகி, மறுபக்கம் சாதாரணத் தொலைபேசியைச் செருகினால் போதும், பாதி விலைக்குப் பேசலாம். எங்களைப் போல் ஊர்விட்டு ஊர் போய் உட்கார்ந்தவர்களுக்கு அது பெரிய வரம்; மணியைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. ஊரெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். விற்ற கம்பெனியோ, தான் தொலைபேசிக் கம்பெனியே அல்ல, ஆகவே தொலைபேசிச் சட்டம் தன்னைத் தீண்டாது என்றது. சட்டத்துக்குள் கொண்டுவரலாமா வேண்டாமா என்று ஆணையம் பொதுவிசாரணை வைக்க முடிவு செய்தது. அதற்கு முன் பெட்டியைச் சோதித்துச் சொல்லும் வேலை அண்ணியின் தலையில் விழுந்தது.

பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர் கம்பெனியின் பிரதிநிதி. எப்போது பார்த்தாலும் முழுப் பல்லும் தெரியச் சிரிப்பவர். அண்ணி அவருக்குப் 'பல்லழகர்' என்று பெயர் வைத்தார்.

"மேடம், நாங்க டெலிபோன் கம்பெனி இல்ல. சாஃப்ட்வேர் கம்பெனி, அவ்வளவுதான்."

"மணி அடிக்குமா?"

"அடிக்கும் மேடம்."

"எடுத்தா பேசலாமா?"

"தாராளமா."

"நம்பர் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"மாசம் பொறந்தா பில் வருமா?"

பல்லழகர் சிரித்தார்.

"அப்புறம் எதைப் பாத்து டெலிபோன் இல்லைங்கிறீங்க? எங்களைப் பாத்தா?"

அதற்கும் சிரித்தார். "மேடம் நல்லா ஜோக்கடிக்கிறீங்க" என்றார். சிரிக்கிறவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று அண்ணி அன்று முழுவதும் யோசித்தார்.

பெட்டியை மேசையில் இணைத்தது பக்கத்து நாற்காலிக்காரர். யார் எதைச் சொன்னாலும் 'சரி சரி' என்பதால் அவருக்குச் சரிசரி என்றே பெயர். முதல்முறை இணைத்தபோது கணினித் திரையில் ஒரு கேள்வி வந்தது.

"அட்ரஸ் கேக்குது மேடம். என்ன போட?"

"நம்ம ஆபீஸ் அட்ரஸே போடுங்க சார். நாலாவது மாடி, சோதனைப் பிரிவுன்னு தெளிவா போடுங்க."

"சரி சரி."

பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. பெட்டி குற்றமே இல்லாமல் வேலை செய்தது. குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. ஓர் அழைப்பும் அறுகவில்லை. புகார் எண்ணைக் கூப்பிட்டு அழுதால், அண்ணி மூக்கை உறிஞ்சி முடிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் எந்தக் கம்பெனியும் இப்படிச் சுத்தமாக இருந்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் ஒரு கறை இல்லை.

"மாப்பிள்ளை பாக்க வந்தவங்களுக்குக் காட்டுற வீடு மாதிரி இருக்கு" என்றார் அண்ணி.

"நல்லாத்தானே மேடம் இருக்கு?" என்றார் சரிசரி.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். இது ஆணையத்தின் பெட்டி என்று அவர்களுக்குத் தெரிகிறது. எப்போது சோதிப்போம் என்றும் தெரிகிறது. யார் சொல்லித் தெரிகிறது? அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் அண்ணி.

யாரிடமும் சொல்லாமல், ஒரு மாலை அண்ணி பெட்டியைத் துண்டில் சுற்றி மதியச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். சோதனைக் கருவிகள் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தவரே அண்ணிதான். ஆனால் கம்பெனிக்குத் தெரியாத ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அலுவலக மேசையில் அதேபோல ஒரு காலிப் பெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

கூடத்தில் செத்துக் கிடந்த தொலைபேசியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் செருகினார்; மறுபக்கம் கேபிள்காரர் போட்டிருந்த இன்டர்நெட் வயரை. பச்சை விளக்கு உடனே எரிந்தது. அலுவலகத்தில் இருந்த அதே எண். எதையும் கேட்கவில்லை.

அண்ணனுக்குக் கொண்டாட்டம். அன்றைக்கே நான் கூப்பிட்டேன். "தம்பி, நீ மூக்குறிஞ்சறதுகூடக் கேக்குதுடா" என்று குழந்தைபோல் சிரித்தார். வந்தவர்களிடமெல்லாம் பெட்டியைக் காட்டினார். அண்ணி மட்டும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தார். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, பெட்டியும் செத்தது.

"என்னம்மா, தம்பிகிட்ட முக்கியமான விஷயம் பேசிட்டிருந்தேன்!"

"என்ன விஷயம்?"

"உன்னைப் பத்திதான்."

"இருட்டுல பேசுங்க. பாத்தீங்களா, கரண்ட் போனா இவனும் போறான். நம்ம கம்பி போகுமா?"

"நம்ம கம்பி போய் ரொம்ப நாளாச்சு."

அவசர எண் சோதனை மட்டும் பாக்கி. விளையாட்டுக்கு அந்த எண்ணைக் கூப்பிடுவது குற்றம். அவசர மையத்திடம் முறைப்படி அனுமதி கேட்டு அண்ணி காத்திருந்தார். அனுமதி வருவதற்கு முன் அந்தப் பிற்பகல் வந்துவிட்டது.

இதை நான் மூன்று பேர் சொல்லக் கேட்டேன். அண்ணன் சொன்னது சின்னது. கூடத்தில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். தொலைபேசி ஸ்டூல்மேல் இருந்தது. எழ முடியவில்லை. வயரைப் பிடித்து இழுத்தார், தொலைபேசி அவர் தோள்மேல் விழுந்தது. அவசர எண்ணை அமுக்கினார். மறுமுனையில் ஒரு பெண் குரல், சொல்லுங்க, சொல்லுங்க என்றது. நாக்கு எழவில்லை. ஆனால் அவர் பயப்படவில்லை. "வாயைத் திறக்கலைன்னாலும் அட்ரஸ் போயிடும்னு உங்க அண்ணி சொல்லிச் சொல்லி மனசுல பதிஞ்சிருந்துச்சு. வந்துடுவாங்கன்னு படுத்திருந்தேன்."

வந்தார்கள். நாலாவது மாடிக்கு.

லிஃப்ட் திறந்து, சீருடையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு சோதனைப் பிரிவின் வாசலில் நின்றார்கள்.

"யாருக்குங்க முடியல?"

"இங்க யாருக்குமே முடியலதாங்க" என்றார் சரிசரி. "ஆனா இதுவரைக்கும் ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போகல."

அண்ணி எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார். "யார் அனுப்புனது உங்களை?"

"அவசர மையம்மா. இந்த அட்ரஸ்லேருந்து கால் வந்திருக்கு."

"இங்கேருந்து யாரும் கூப்பிடல. கார்டைக் காட்டுங்க."

"அம்மா, உசிர் போற விஷயம்..."

"உசிர் போற எடத்துல இப்படி உக்காந்து டீ குடிப்போமா? கார்டு."

அந்தப் பெண் அட்டையை நீட்டினாள். அண்ணி அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கம்பெனியின் வேலை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. நாம் அவர்களைச் சோதித்தால் அவர்கள் நம்மைச் சோதிக்கிறார்கள். மேசைமேல் இருப்பது காலிப் பெட்டி என்று தெரிந்துகொண்டுதான் ஆள் விட்டிருக்கிறார்கள். "எந்தக் கம்பெனி உங்களை அனுப்புச்சுன்னு சொன்னாத்தான் உள்ள விடுவேன்" என்றார்.

"கூப்பிட்டவரு பேசலம்மா. மூச்சு மட்டும்தான் கேட்டுச்சாம்" என்றாள் அந்தப் பெண், பொறுமை போய்விட்ட குரலில். "நம்பர் வேணும்னா சொல்றேன், யாரோடதுன்னு நீங்களே பாத்துக்கங்க." கையில் இருந்த கருவியைப் பார்த்து எண்ணைப் படிக்க ஆரம்பித்தாள்.

பாதி எண்ணுக்கே அண்ணியின் கையிலிருந்து அட்டை விழுந்தது என்று சரிசரி சொன்னார். அப்புறம் குரல் வந்தது. தொலைபேசியில் யார் முகவரி கேட்டாலும் "உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கும் அந்த மனுஷி, கதவு எண், தெரு, மாடி எல்லாவற்றையும் படிக்கட்டில் நின்று கத்தினார். மூன்றாம் மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மேலயும் கீழயும் தாழ்ப்பாள் இருக்கும், உடைச்சிடுங்க! கீழ சலவைக்கடைக்காரர் இருப்பாரு, அவர்கிட்ட சொல்லுங்க, உடைச்சிடச் சொல்லுங்க!"

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வண்டிக்குத் தகவல் போனது. கதவை உடைத்தவர் சலவைக்கடைக்காரர்தான், கடை ஷட்டரைத் தூக்கும் இரும்புக் கம்பியால். உள்ளே போனபோது அண்ணன் கண் திறந்திருந்ததாம். "சாவி குடுத்திருக்கலாம்ல சார்" என்று சொல்லி அழுதாராம்.

அண்ணன் பிழைத்தார். மாரடைப்போடு பக்கவாதமும் சேர்ந்ததில் இடது கை பலவீனமானது. பேச்சு, முதல் நாள் வண்டி ஓட்டுகிறவரின் கியர்போலத் தட்டுத் தடுமாறியது. செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறி வந்தேன். நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அண்ணி கட்டிலைப் பார்க்கவில்லை, கட்டிலின் காலடியில் இருந்த ஒரு பெரிய பூங்கொத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத யார் அனுப்பினாங்க தெரியுமா? பெட்டிக் கம்பெனி. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எந்தக் கட்டில், எல்லாம் சரியா தெரிஞ்சு வந்திருக்கு. யார் சொன்னது?"

"விசாரிச்சிருப்பாங்க அண்ணி."

"யார்கிட்ட?"

அண்ணி அடுத்ததாக ஒரு முழு வழக்கையே கட்டியிருந்தார். தான் எதிராக அறிக்கை கொடுக்கப் போவது தெரிந்து, பெட்டியின் முகவரியைக் கம்பெனியே மாற்றிவிட்டது. பழிவாங்கல். அண்ணன் படுத்தபடி, "அவ்வளவு... பெரிய... ஆளா நாம?" என்று கேட்டார். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலை, வராந்தாவின் கைகழுவும் தொட்டியில் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடாமல் அப்படியே நின்றார்.

"தம்பி. அட்ரஸ் கேட்டுச்சு."

"எது அண்ணி?"

"பெட்டி. ஆபீஸ்ல மொதமொத வெச்சப்ப கேட்டுச்சு. என்ன போடன்னு சரிசரி கேட்டாரு. நம்ம ஆபீஸ் அட்ரஸே போடுங்கன்னு என் வாயாலதான் சொன்னேன். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தப்ப அது கேக்கல. நானும் யோசிக்கல. போன் எங்க இருக்கோ அட்ரஸ் அங்கதான்னு... கம்பி லைன் பழக்கம் தம்பி, கை நம்பிடுச்சு." குழாயை மூடினார். "வந்தவங்களை வேற வாசல்ல நிக்க வெச்சு கார்டு கேட்டேன்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அண்ணி கேட்கவும் இல்லை.

அன்று மாலையே பல்லழகர் நேரில் வந்தார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பேசினார்.

"சார் நல்லா ஆகணும்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் வேண்டிக்கிறோம் மேடம்."

"சந்தோஷம்."

"எங்க சிஸ்டத்துல பாத்தோம். பதிவாகியிருந்தது உங்க ஆபீஸ் அட்ரஸ். பெட்டி இருந்தது உங்க வீட்ல. சோதனைக் கருவிய வீட்டுக்குக் கொண்டு போறது உங்க விதிப்படி... நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் எங்க எண்ணம். விசாரணையில இந்த விஷயம் வராம இருக்கிறது ரெண்டு பேருக்கும் நல்லது."

அவர் போன பிறகு அண்ணி என்னிடம் கேட்டார், "மிரட்டிட்டுப் போறாரா, கும்பிட்டுட்டுப் போறாரா?"

"ரெண்டும்தான் அண்ணி."

"ரெண்டும்னா, பயந்திருக்கார்."

ஆனால் பயப்படக் காரணம் அண்ணிக்கும் இருந்தது. வருமானம் இப்போது அவருடையது மட்டும்தான். அண்ணனின் மருத்துவச் செலவும் அலுவலகக் காப்பீட்டில்தான் நடந்தது. வேலை போனால் அந்தக் கட்டிலே போய்விடும். என்னிடம் கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அண்ணி அண்ணனிடம் கேட்டார். அண்ணன் வலது கையை உயர்த்தி, பக்கத்து இருக்கையிலிருந்து சாலையைக் காட்டுவதுபோல் முன்னால் காட்டினார். "போ... பிரேக்... நான்... பாத்துக்கறேன்."

பொதுவிசாரணை ஆணையத்தின் தரைத்தள மண்டபத்தில் நடந்தது. நடுவில் தலைவர், வயதானவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணாடியைத் துடைப்பவர். ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீலும் பல்லழகரும். சோதனையாளர் என்ற இருக்கையில் உட்காராமல், பொதுமக்களுக்கான வரிசையில் நின்று முறை வந்ததும் அண்ணி பேசினார். பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனதை அவரே முதலில் சொன்னார். முகவரி சொன்னது தன் வாய் என்றார். ஆம்புலன்ஸ்காரர்களை வாசலில் நிறுத்தியதையும் விடவில்லை.

வக்கீல் எழுந்தார். "ஆக, இது முழுக்க முழுக்கப் பயனாளியோட தவறு."

"ஆமாங்க. என் தவறு."

வக்கீல் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, "அப்ப எங்க கம்பெனியை ஏன் சட்டத்துக்குள்ள கொண்டுவரணும்?" என்றார்.

"இருபத்துநாலு மணி நேரமும் உங்களைச் சந்தேகப்படறதுக்குச் சம்பளம் வாங்கறவ நான். நானே பெட்டிய எடம் மாத்தினப்ப அட்ரஸை மறந்தேன். கடையில வாங்கிட்டுப் போய் வீடு மாத்தறவங்க, ஹாஸ்டல் மாத்தறவங்க யார் ஞாபகம் வெச்சுப்பாங்க? பெட்டி இடம் மாறினது உங்களுக்குத் தெரியும். வேற இணைப்புல செருகின நிமிஷமே தெரியும். கேக்கத் தெரியாம இல்ல, கேக்கச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கல. என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டில்வரைக்கும் பூ அனுப்ப வழி தெரிஞ்சுதே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கருவியை ஏன் வீட்டுக்குக் கொண்டு போனீங்க?" என்றார் வக்கீல், குரலை மாற்றிக்கொண்டு.

"ஆபீஸ்ல இருக்கிற பெட்டிக்கு மட்டும் ராஜ உபசாரம் நடக்குதுன்னு சந்தேகம்."

"ஆதாரம் இருக்கா? இல்ல, வழக்கம்போல சந்தேகம்தானா?"

அண்ணியிடம் ஆதாரம் இல்லை. அப்போது பக்கவாட்டில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சரிசரி எழுந்து நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நான்தாங்க சொன்னேன். எப்ப சோதிப்பீங்கன்னு இந்த சார் கேட்டாரு, சொன்னேன். ஆஸ்பத்திரியும் நான்தான் சொன்னேன். காசு கீசு எதுவும் வாங்கலங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. சரி சரின்னு சொல்லிட்டேன்."

மண்டபம் சலசலத்தது. பல்லழகரின் வாய் முதல்முறையாக மூடியிருந்ததைப் பார்த்தேன். வெளியே வந்ததும், நல்ல மனுஷர் அண்ணி, தைரியமாக எழுந்து சொல்லிவிட்டாரே என்றேன். அண்ணி நடந்துகொண்டே, "ஏன் எழுந்தார்? யார் சொல்லி எழுந்தார்?" என்றார்.

தீர்ப்பு வந்தது. மணி அடித்து, எண் கொடுத்து, பில் அனுப்புகிறவர்கள் தங்களை என்ன பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும் தொலைபேசிச் சட்டத்துக்குள் வருவார்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி முகவரி கேட்க வேண்டும். பதில் வரும்வரை சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்கும் பேட்டரி வேண்டும். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. பேட்டரி விவகாரம் இன்னும் தொங்குகிறது. முகவரி மட்டும் நிலைத்தது.

அண்ணிக்கும் தீர்ப்பு வந்தது. விதியை மீறியதற்காகச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்து, கீழே புகார் கேட்கும் பிரிவில் போட்டார்கள். வேலை தப்பியது. இப்போது நாள் முழுக்க மக்கள் தொலைபேசியில் அழுவார்கள். அண்ணி அதை நம்ப வேண்டும். "பாதி பேர் என்னைவிட நல்லா அழறாங்க தம்பி" என்றார். "ஆபீஸே ஆள் வெச்சு என்னைச் சோதிக்குதோ என்னவோ."

தீர்ப்புக்குப் பிறகு நான் மறுபடி லீவில் வந்திருந்தபோதுதான், மாசக்கணக்கில் நீண்ட சிகிச்சை முடிந்து அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கதவு புதியது. கம்பி லைன் அதே நிலையில் செத்தே இருந்தது. அண்ணன் கேட்டதால் புதிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. தொலைபேசியை எடுத்தால் ஒரு பதிவுக் குரல், 'நீங்கள் இருக்கும் முகவரியைத் தெரிவிக்கவும்' என்றது.

அண்ணி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எதுக்குக் கேக்குறான்?"

"நீதானம்மா... கேக்க வெச்ச" என்றார் அண்ணன்.

"கேக்கச் சொன்னேன். வாங்கிட்டுப் போய் யார் யார்கிட்ட குடுப்பான்னு நான் கேக்காம விட்டுட்டேனே."

ஆனாலும் கொடுத்தார். எழுத்து எழுத்தாக, மாடியைக்கூட விடாமல். விளக்கு பச்சையாகும்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அலமாரியைத் திறந்து புதுக் கதவின் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை.

"கடை லைசன்ஸைக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லைசன்ஸைக் கழற்றி, நீராவியில் படிந்த தூசியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அண்ணி அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது போன மாசமே முடிஞ்சுபோச்சே."

"மறந்துட்டேன்மா."

அண்ணி சாவியை அவர் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"புதுப்பிச்சிடுங்க. அடுத்த வாரம் வந்து பாப்பேன்."